மணப்பெண் பக்கத்துக் கன்னம்

பிப்ரவரி மாதக் குளிரில், நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில், டிப்பெட் மாவட்டம் சவரக்கத்திக்கு இறுதிச் சடங்கு நடத்தியது. நல்ல கூட்டம். அந்த ஊரில் செத்துப்போன மனிதர்கள் பலருக்கு அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

சவப்பெட்டி அசல். ஊரில் அடக்கம் நடத்தித் தருகிற ஓரின் மெக்கே தன் கடையிலிருந்தே கொண்டுவந்திருந்தார். உள்ளே வெள்ளைப் பட்டு. "எதைப் புதைச்சாலும் முறையா புதைக்கணும்" என்று அவர் சொன்னபோது சிரித்தவர்களை முறைத்தார். ஆண்கள் வரிசையாக வந்து தங்கள் கத்தியைப் பெட்டிக்குள் போட்டார்கள். டெல்பர்ட் ஸ்டூப்ஸும் போட்டான். முன்னால் நின்றவர் போட்டார், பின்னால் நின்றவர் தள்ளினார், இவனும் போட்டுவிட்டான். அவனுடைய வாழ்க்கையில் பெரும்பாலான காரியங்கள் அப்படித்தான் நடந்திருந்தன.

நூற்றாண்டு விழாக் குழுத் தலைவர் எவரெட் க்ரம் மேடையேறினார். தீவனக் கடை முதலாளி. டெல்பர்ட் மூட்டை தூக்குவது அவர் கடையில்தான்.

"நண்பர்களே! நூறு வருஷத்துக்கு முன்னாடி கேப்டன் டிப்பெட் இந்த மண்ணுல கால் வெச்சப்போ அவர் கையில என்ன இருந்துச்சு? கோடாரி இருந்துச்சு! பைபிள் இருந்துச்சு! சவரக்கத்தி இருந்துச்சா?"

"இல்ல!" என்றது கூட்டம். யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

"அப்போ நமக்கு மட்டும் எதுக்கு? ஜூலை மாசம் ஸ்தாபன நாள் வரைக்கும் இந்த மாவட்டத்துல ஒரு ஆம்பளை முகத்துலயும் கத்தி படக்கூடாது. பட்டா, அந்தத் தொட்டி!"

சதுக்கத்தின் மூலையில் குதிரைகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி இருந்தது. குதிரைகள் போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. தொட்டி காத்திருந்தது. அதன் பக்கத்தில் மரத்தாலான கூண்டு ஒன்று, இரும்பு மாதிரி கறுப்புச் சாயம் பூசி. மாவட்டத்தின் முதல் சிறைச்சாலையின் நகல் என்று பலகை சொன்னது. முதல் சிறைச்சாலை உண்மையில் ஒரு நிலவறை. நிலவறையைச் சதுக்கத்தில் தூக்கி வைக்க முடியாதே. தாடி போலீஸாக ஓரின் மெக்கே நியமிக்கப்பட்டார். அந்த வருஷம் அவர் தொழில் கொஞ்சம் மந்தம்.

*

டெல்பர்ட்டுக்கு நிச்சயமான ஓட்டிலி, லிட்டில் எல்க் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மார்லோ மாவட்டத்தில் இருந்தாள். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. மற்றவர்கள் பேசுவதைக் கேட்காமல் இணைப்புக் கொடுப்பது அவள் கடமை. இணைப்புக் கொடுப்பதை ஒழுங்காகச் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் போன டெல்பர்ட்டைக் கதவிலேயே நிறுத்தினாள்.

"மூஞ்சில என்ன?"

"நூற்றாண்டு விழா."

"எப்போ போகும்?"

"ஜூலைல."

"நம்ம கல்யாணம் ஜூன் பதினாறு."

"ஆமா."

"என்ன ஆமா? உள்ள வா. உட்காரு. சூப்பு குடி. நான் பார்க்கணும்."

டெல்பர்ட் குடித்தான். ஓட்டிலி எதிரே கைகட்டி உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாவது கரண்டியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்கப்பாவுக்கு மார்பு வரைக்கும் தாடி. நான் வளர்ந்ததே அந்தத் தாடியில சூப்பு இறங்குறதைப் பார்த்துத்தான். கிறிஸ்துமஸ் விருந்துல ஒரு பட்டாணி மாட்டிக்கிச்சு. யாரும் சொல்லல. ஜெபம் சொன்னாரு, பாட்டுப் பாடினாரு, விருந்தாளிங்களை வழியனுப்பினாரு, அந்தப் பட்டாணி அங்கேயே இருக்கு. அன்னிக்கு முடிவு பண்ணினேன், டெல்பர்ட். கட்டினா சிரைச்ச ஆளு. இல்லேன்னா ஆளே வேண்டாம்."

"கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா? ஆகஸ்ட்ல?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஏற்கனவே ஒருமுறை அவன் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து கல்யாணம் தள்ளிப்போனது. இன்னொருமுறை க்ரம் கடையில் சரக்கு இருப்புப் பார்க்கிற வாரம் என்று தள்ளிப்போனது. ஓட்டிலிக்கு நாற்பத்தொன்று. அவள் தட்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக, சத்தம் வராமல் அடுக்கினாள். கோபம் வந்தால் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள்.

"மிஸ்டர் ஸ்டூப்ஸ். மூணாவது தடவை இந்தக் கல்யாணம் தள்ளிப்போகாது. நடந்தா பதினாறாம் தேதி நடக்கும். இல்லேன்னா நடக்கவே நடக்காது."

*

மறுநாள் கடையில், கோழித்தீவன மூட்டைகளுக்கு நடுவில், டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"ஒரு நாளைக்கு மட்டும் சிரைச்சுக்கலாமா, மிஸ்டர் க்ரம்? கல்யாணத்துக்கு."

"டெல்பர்ட், உன் முதலாளியா கேட்டா 'போடா, போய் சிரைச்சுக்கோ'ன்னு சொல்லிடுவேன். ஆனா நான் இப்போ உன் முதலாளி இல்ல. வரலாறு."

"மறுபடி எப்போ முதலாளி ஆவீங்க?"

"ஜூலைக்கு அப்புறம். அதுவரைக்கும் மூட்டையைத் தூக்கு."

விஷயம் பாரம்பரியத் துணைக்குழுவுக்குப் போனது. துணைக்குழு என்றால் மிஸ் ஹெஸ்டர் ப்ரூயிட். நூலகத்துப் பின்னறையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். கோடையிலும் அந்தத் தொப்பியைக் கழற்ற மாட்டார்.

"கல்யாணம் என்பது பாரம்பரியமா, மிஸ்டர் ஸ்டூப்ஸ்?"

"ரொம்ப நாளா நடக்குதுங்களே அம்மா."

"இந்த மாவட்டத்துல?"

"இந்த மாவட்டத்துலயும்தான்."

"கேப்டன் டிப்பெட் சிரைச்சுக்கிட்டுக் கல்யாணம் பண்ணினதுக்கு ஆதாரம் இருக்கா?"

டெல்பர்ட் யோசித்தான். "அவருக்குத் தாடி இருந்ததுக்கு இருக்குங்களா? படம் ஏதாவது?"

"படம் எதுவும் கிடையாது."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

மிஸ் ஹெஸ்டர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "காட்டை வெட்டி, நீதிமன்றம் கட்டி, மூணு கல்யாணம் பண்ணின மனுஷனுக்குச் சிரைக்க நேரம் எங்கேருந்துப்பா வந்திருக்கும்?"

கேப்டன் பெரிய காரியங்கள் செய்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். மார்லோ நீதிமன்றத்தில் அவர்மேல் பன்றி திருடிய வழக்கு ஒன்று வரவிருந்தபோது, ஆற்றுக்கு இந்தப் பக்கத்தைத் தனி மாவட்டமாகப் பிரித்து, தனி நீதிமன்றம் கட்டி, தானே நீதிபதியாக உட்கார்ந்து, வழக்கைத் தள்ளுபடி செய்தவர். பள்ளிக்கூடத்தில் அதைச் 'சுதந்திர வேட்கை' என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

மூன்று கல்யாணமும் தாடியோடுதானா என்ற கேள்வி மட்டும் மிஸ் ஹெஸ்டரை உறுத்தியது. விஷயம் முழுக் குழுவுக்குப் போனது. மே மாதம் முழுக்கக் கூடினார்கள். கடைசியில் க்ரம்தான் வழி கண்டுபிடித்தார். எழுந்து நின்று, சாட்சிக்காக வரவழைக்கப்பட்டிருந்த டெல்பர்ட்டின் முகவாயைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"சர்ச்சுல மாப்பிள்ளை நிக்கிறான். அவனுக்கு இடது கைப்பக்கம் பொண்ணு. அவ பின்னாடி பெண் வீட்டார், எல்லாம் மார்லோக்காரங்க. வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார், நம்ம மாவட்டத்து ஜனம். ஆக, இந்த இடது கன்னம் தனிப்பட்ட விஷயம். அதுல தலையிட இது என்ன ரஷ்யாவா? ஆனா இந்த வலது கன்னம் இருக்கே, இது பொதுச் சொத்து. இதுல கை வைக்க எனக்கே அதிகாரம் கிடையாது!"

கைத்தட்டல். மணப்பெண் பக்கத்துக் கன்னத்தை மட்டும் மழித்துக்கொள்ள அனுமதி வழங்கப்பட்டது.

கல்யாண வாரத்தில் மிஸ் ஹெஸ்டருக்கு வேலை அதிகம் என்பதால் சவரத்தை ஜூன் முதல் வாரமே முடித்துவிட்டார்கள். நாவிதர் சைலஸ், குழுவின் பாதுகாப்பில் இருந்த ஒரே கத்தியை எடுத்தார். மிஸ் ஹெஸ்டர் டெல்பர்ட்டின் மூக்கு நுனியிலிருந்து கீழே சாக்பீஸால் கோடு போட்டார்.

"மீசை?" என்றார் சைலஸ்.

"பாதி."

"முகவாயில நடுவுல ஒரு பள்ளம் இருக்கே, அது யாருக்கு?"

மிஸ் ஹெஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "அது லிட்டில் எல்க் ஆறு மாதிரி. எல்லைக்கோடு. ரெண்டு மாவட்டத்துக்கும் சொந்தமில்ல. அதுல இருக்கிறது அப்படியே இருக்கட்டும்."

டெல்பர்ட் சதுக்கத்துக்கு வந்தபோது அவன் இடது கன்னம்தான் ஓரினுக்கு முதலில் தெரிந்தது. "பிடி!" என்றார்.

டெல்பர்ட் திரும்பி வலது கன்னத்தைக் காட்டினான். பிடிக்க வந்தவர்கள் நின்றார்கள். அனுமதிச் சீட்டையும் காட்டினான். ஓரின் அதை நிதானமாக, உதடு அசையப் படித்தார்.

"கல்யாணத்தன்னிக்குச் செல்லும்னு போட்டிருக்கு. இன்னைக்குக் கல்யாணமா?"

"இல்லீங்க. அடுத்த சனிக்கிழமை."

"அப்போ தப்புதான். ஆனா பாதித் தப்பு."

ஓரின் நியாயமான மனிதர். டெல்பர்ட்டைப் படுக்கை வசத்தில் நாலு பேர் பிடித்துக்கொள்ள, இடது பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி இறக்கி எடுத்தார்கள். வலது காதில் ஒரு சொட்டு விழுந்ததற்கு ஓரின் மன்னிப்புக் கேட்டார்.

*

ஓட்டிலி வீட்டுக் கதவுக்கு முன்னால் டெல்பர்ட் பக்கவாட்டில் நின்றான்.

"அட!" என்றாள் அவள். முகம் மலர்ந்துவிட்டது. "சொன்னபடி செஞ்சுட்டியே! உள்ள வா. ஏன் நண்டு மாதிரி நடக்கிறே? திரும்பு. டெல்பர்ட், திரும்பு."

திரும்பினான்.

ஓட்டிலி ஓர் அடி பின்னால் போனாள்.

"இது மாப்பிள்ளை வீட்டார் பக்கம்" என்றான் டெல்பர்ட். "பொதுச் சொத்தாம்."

"யாரு சொன்னது?"

"மிஸ்டர் க்ரம். இன்னொண்ணும் சொல்லணும், ஓட்டிலி. ஸ்தாபன நாளை ஜூலையிலேருந்து மாத்திட்டாங்க. கவர்னர் வர்றாராம். அவருக்கு ஒரே ஒரு சனிக்கிழமைதான் ஒழிவா இருக்காம்."

"எது?"

டெல்பர்ட் தரையைப் பார்த்தான்.

"பதினாறா? நூறு வருஷம் முன்னாடி நடந்த நாளை எப்படி மாத்துவாங்க?"

"கேப்டன் உயிரோட இருந்தா கவர்னர் வசதியைத்தான் பார்த்திருப்பார்னு மிஸ்டர் க்ரம் சொல்றாரு. காலைல விழா நாடகத்துல நான் வண்டி ஓட்டணும். முன்னோர் வந்த வண்டி. எனக்கு வசனம்கூட இருக்கு." அவன் தொண்டையைச் செருமினான். "'ஓ கன்னி நிலமே, உன் மடியில் நாங்கள்...'"

"'...விதைக்க வந்தது கோதுமையை அல்ல, விடுதலையை'" என்று முடித்தாள் ஓட்டிலி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு வருஷம் முன்னாடி எங்க மாவட்டத்து விழாவுல இதே வசனம்தான். நகரத்துல ஒரு கம்பெனிக்காரன் எழுதி வெச்சிருக்கான். மாவட்டத்துப் பேரு வர்ற இடத்துல கோடு. நிரப்பிக்க வேண்டியதுதான். எனக்கு 'நாகரிகத்தின் ஒளி' வேஷம். படுக்கை விரிப்பைச் சுத்திக்கிட்டு லாந்தரோட நின்னேன். மிஸ்டர் க்ரம்மோட தலைமையுரைகூட எனக்கு வரி வரியா வரும்."

அவள் கதவைத் திறந்து பிடித்தாள்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு எங்க சர்ச்சுல நிப்பேன், மிஸ்டர் ஸ்டூப்ஸ். ஒரு மூஞ்சியோட வர்றவரைக் கட்டிக்கிறேன். ரெண்டு மூஞ்சியோட வந்தா, கமிட்டிக்காரர்னு நினைச்சுக் காப்பி கொடுத்து அனுப்பிடுவேன்."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, வெள்ளிக்கிழமை பால் வண்டியில் டெல்பர்ட்டுக்கு ஒரு 'பை' பலகாரம் அனுப்பினாள். அவள் தோட்டத்துப் புளிப்பான ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்டது. பாலத்தில் காவலுக்கு நின்ற ஓரின் வண்டியை நிறுத்தி, முள்கரண்டியால் குத்திப் பார்த்தார். டங் என்றது.

"என்னய்யா இவ்வளவு கெட்டியா இருக்கு?"

"ஓட்டிலி சுட்டது" என்றார் பால்காரர்.

ஓரின் வருத்தத்தோடு தலையாட்டி வழிவிட்டார். எத்தனையோ குடும்பங்களின் துக்கத்தைப் பார்த்தவர் அவர்.

அந்தப் பலகாரத்துக்குள் இருந்தது அவளுடைய செத்துப்போன அண்ணனின் சவரக்கத்தி.

*

சனிக்கிழமை காலையில் டெல்பர்ட் ருபார்ப் சாற்றைக் கழுவி, கத்தியைத் தீட்டி, மாவட்டத்தின் பொதுச் சொத்தை மழித்தான். எல்லைக்கோட்டையும் விடவில்லை. கல்யாண மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, க்ரம் தெருவில் கூடாரத்துணி போட்ட வண்டி பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"டெல்பர்ட்! ஏறு வண்டியில! கவர்னர் வர்ற நேரம்!"

"மாட்டேங்க" என்றான் டெல்பர்ட்.

இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை அவன் அவரிடம் சொன்னதில்லை. க்ரம்மும் கேட்டதில்லை. அதனால் அவருக்கு அது புரியவில்லை. "சீக்கிரம்!" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனார். டெல்பர்ட் தன் பழைய டிரக்கில் ஏறி ஆற்றுப்பக்கம் ஓட்டினான்.

பாலத்தில் ஓரின் நின்றிருந்தார்.

"இன்னைக்குக் கல்யாணம்" என்றான் டெல்பர்ட். சீட்டை நீட்டினான்.

"தெரியும். வாழ்த்துகள். இது இடது கன்னத்துக்குச் செல்லும். வலது கன்னத்துக்கு எங்க சீட்டு?"

இந்த முறை பாதி இல்லை. சதுக்கத்துக்கு இழுத்துப்போய், மேலங்கியோடு தொட்டியில் முக்கி எடுத்தார்கள். கூண்டில் தள்ளி, கதவுக்குக் கட்டையைப் போட்டார்கள். நீதிமன்றக் கோபுரத்தில் பத்தரை.

சற்று நேரத்தில் இன்னொருவரும் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். அறுபது வயது இருக்கும். பருத்த உடம்பு, சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். முகம் மழமழவென்று இருந்தது.

"நீங்க எதுக்கு?" என்றார் அவர், சட்டையைப் பிழிந்தபடி.

"சிரைச்சுக்கிட்டேன்."

"நானும் அதான். நாற்பது வருஷமா தினம் சிரைக்கிறேன். யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"எந்த மாவட்டம் நீங்க?"

"எல்லா மாவட்டமும்."

"ஓ, பொருள் விக்கிறவரா?"

"கவர்னர்."

டெல்பர்ட் அவரை மேலும் கீழும் பார்த்தான். "நான் மாப்பிள்ளை" என்றான். "என்னையும் யாரும் நம்பல."

இருவரும் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"தனியா, சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு, சொந்தக் காரை ஓட்டிக்கிட்டுப் போங்க, ஜனங்களுக்குப் பிடிக்கும்னு என் ஆலோசகர்கள் சொன்னாங்க" என்றார் கவர்னர். "பாலத்துல இருந்த ஆளு கிட்ட நான் யாருன்னு சொன்னேன். போன வாரம் ஒருத்தன் பிஷப்புன்னு சொன்னான், அவனையும்தான் முக்கினோம்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. ஆமா, இங்க என்னத்தைக் கொண்டாடுறீங்க?"

"எங்க பாரம்பரியத்தை."

"அது என்னது?"

டெல்பர்ட் சுற்றிலும் பார்த்தான். "இதுதான்னு நினைக்கிறேன்" என்று கூண்டைக் காட்டினான்.

ஒலிபெருக்கி கரகரத்தது. க்ரம்மின் குரல் சதுக்கம் முழுக்கப் பரவியது. கவர்னர் வந்து சேரும்வரை கூட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு.

"மேன்மை தங்கிய நம் கவர்னர் இதோ வந்துகொண்டே இருக்கிறார்! ஒன்று மட்டும் சொல்வேன். இந்த மண்ணுக்கு வந்தவர் யாரும் மனம் குளிராமல் திரும்பியதில்லை!"

கவர்னர் தும்மினார்.

"விருந்தினர் யார் என்று கேட்டு மரியாதை செய்வது மற்ற மாவட்டங்களின் வழக்கம். நாங்கள் யாரென்று கேட்பதில்லை! எல்லோருக்கும் ஒரே மரியாதைதான்!"

"அது உண்மை" என்றார் கவர்னர்.

கோபுரத்தில் பதினொன்று அடித்தது. டெல்பர்ட் ஒவ்வொரு அடியையும் கேட்டான். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் பார்த்தான். பிறகு பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஈரமான தொப்பியை மடியில் வைத்துக்கொண்டான். கவர்னர் அவன் முதுகில் கை வைத்தார்.

க்ரம் பேசிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரத்துக்குப் பிறகு கூட்டத்தின் ஓரத்தில் ஏதோ சலசலப்பு. ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். வெள்ளைக் கவுனை ஒரு கையால் முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டிலி வந்தாள். பின்னால் வேதப்புத்தகத்தோடு பாஸ்டர் லிண்ட், மூச்சிரைக்க. பாலத்தில் அவர்களை ஓரின் தடுக்கவில்லை. பாஸ்டர் அவருக்குத் தெரிந்த மனிதர், மணப்பெண்களைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை.

அவள் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பதினோரு மணிக்கு வர்றதா பேச்சு."

"புறப்பட்டேன், ஓட்டிலி."

கம்பி வழியாகக் கையை விட்டு முதலில் இடது கன்னத்தைத் தொட்டாள். பிறகு வலது. பிறகு முகவாய்ப் பள்ளத்தில் விரலை வைத்தாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். மிஸ்டர் க்ரம் கிட்ட மாட்டேன்னும் சொன்னேன்."

"நிஜமா? அவர் என்ன சொன்னாரு?"

"புரியலைன்னு நினைக்கிறேன்."

ஓட்டிலியின் கண் கலங்கியது. உடனே பாஸ்டர் பக்கம் திரும்பிவிட்டாள். "ஆரம்பிங்க."

"இங்கேயா?" பாஸ்டர் தயங்கினார். "ஓட்டிலி, கல்யாண உரிமம் மார்லோ மாவட்டத்துல வாங்கினது. அந்த எல்லைக்குள்ள நடத்தினாத்தான் செல்லும். நாம ஆத்தைத் தாண்டி வந்துட்டோமே."

"கட்டையை எடுத்து அவனை வெளியில விடச் சொல்லுங்க, போயிடறோம்."

"பொழுது சாயுற வரைக்கும் ஓரின் விடமாட்டாராம், கேட்டுட்டேன்" என்றார் பாஸ்டர். "அந்நேரம் எனக்கு ரயில். ஒரு மாசம் கழிச்சுத்தான் வருவேன்."

மூன்றாவது முறை. டெல்பர்ட் ஓட்டிலியைப் பார்த்தான். அவள் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது திடீரென்று தலையைத் தூக்கினாள். ஒலிபெருக்கிப் பக்கம் காதைக் கொடுத்தாள். க்ரம்மின் உரை உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் உதடுகள் கூடவே அசைந்தன.

"இருங்க பாஸ்டர். இன்னும் ரெண்டே வரி. கம்பெனிக்காரன் எங்க மாவட்டத்துக்கு நிரப்பின பழைய தாளைத்தான் அடிச்சுத் திருத்தியிருப்பான். கடைசிப் பக்கம் வரைக்கும் திருத்தியிருப்பான்னு நான் நினைக்கல."

"...ஆகவே, வரலாற்றின் சாட்சியாக," என்று முழங்கினார் க்ரம், "இந்த மேடையில், இந்தப் புனித மண்ணில் நின்று உலகுக்கு அறிவிக்கிறேன். இது மார்லோ! நேற்றும் மார்லோ! என்றென்றும் மார்லோ மாவட்டம்!"

சதுக்கம் அதிரக் கைத்தட்டினார்கள். வாத்தியக் குழு வாசித்தது. கைதட்டியவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நூறு வருஷம் முன்னால் எந்த மாவட்டத்திலிருந்து பிரிந்து வந்ததைக் கொண்டாடினார்களோ, அதற்கே வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"தலைவரே சொல்லிட்டாரு" என்றாள் ஓட்டிலி.

பாஸ்டர் லிண்ட் மேடையைப் பார்த்தார், உரிமத்தைப் பார்த்தார். "ஒலிபெருக்கியிலயே சொன்னாரு" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா நாளைக்கு யாராவது கேட்டா?"

"நான் சாட்சி" என்றார் பெஞ்சிலிருந்து எழுந்த ஈர மனிதர். "என் காதாலேயே கேட்டேன். நான் இந்த மாநிலத்துக் கவர்னர்."

"கவர்னரா?" என்றார் பாஸ்டர்.

"அப்படித்தான் சொல்லிக்கிறாரு" என்றான் டெல்பர்ட். "நல்ல மனுஷன்."

கல்யாணம் கம்பி வழியாக நடந்தது. மோதிரம் உள்ளேயிருந்து வெளியே வந்தது. முத்தத்துக்கு மட்டும் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது. சுற்றி நின்றவர்கள் தட்டிய கைத்தட்டல், மேடைக்குக் கிடைத்ததைவிடப் பலமாக இருந்தது. தன் உரை முடிந்த பிறகும் கைத்தட்டல் வருவதைக் கேட்டு க்ரம் அது எங்கிருந்து என்று பார்க்க இறங்கி வந்தார். கூண்டுக்குள் நின்றவரைக் கண்டதும் அவர் தாடிக்குள் முகம் வெளுத்தது.

"மேன்மை தங்கிய..."

"நல்லா குளிர்ந்துடுச்சு" என்றார் கவர்னர்.

க்ரம் தானே கட்டையைப் பிடுங்கி எறிந்தார். மேடைக்கு ஓடினார். வரலாறு திருத்தப்படுவதை அந்த ஊர் அன்றுதான் நேரில் பார்த்தது.

"நண்பர்களே! சற்று முன் கிடைத்த ஆராய்ச்சி முடிவின்படி, கேப்டன் டிப்பெட் சுத்தமாகச் சிரைத்த முகத்தோடுதான் இந்த மண்ணில் கால் வைத்தார்!" அவர் கண் கூட்டத்தில் தேடியது. "மிஸ் ஹெஸ்டர்?"

மிஸ் ஹெஸ்டர் எழுந்தார். தொப்பி அசையவில்லை. "மூணு கல்யாணம் பண்ணின மனுஷன் சிரைக்காமலா இருந்திருப்பார்?" என்றார்.

"ஆகவே இந்த நிமிஷத்திலிருந்து, தாடி என்பது நம் பாரம்பரியத்துக்கு இழைக்கப்படும் அவமானம்!"

ஓரின் மெக்கே கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையடிக்கு வந்தார். தெளிவில்லாமல் எதையும் செய்கிறவர் இல்லை அவர்.

"அப்போ இனிமே தாடி வெச்சிருக்கிறவங்களைத்தான் பிடிக்கணுமா, எவரெட்?"

"ஆமாம்யா!"

"எப்போலேருந்து?"

"இப்போலேருந்து! யாரா இருந்தாலும் பார்க்காதே!"

ஓரின் நிமிர்ந்து, தன் முன்னால் மைக்குக்குப் பின்னே காற்றில் ஆடிக்கொண்டிருந்த தாடியை யோசனையோடு பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்தார்.

டெல்பர்ட்டின் டிரக் பாலத்தின் நடுவில் வந்தபோது பின்னால் சதுக்கத்திலிருந்து 'தொபுக்கடீர்' என்று ஒரு சத்தம் கேட்டது. மடியில் அவனுடைய ஈர மேலங்கியை வைத்துக்கொண்டிருந்த ஓட்டிலி காதைத் தீட்டினாள். சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவது அவள் தொழில்.

"கனமான ஆளு" என்றாள்.

"முதலாளி" என்றான் டெல்பர்ட்.

"இப்போதான் முதலாளி ஆனாராக்கும்?"

"ஆமா. ஜூலைக்கு முன்னாடியே ஆயிட்டாரு."

அவள் கை நீட்டி அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கன்னத்தையும் இன்னொரு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள். "ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றாள்.